முடக்கில் திறக்கும் தோட்டத்து வழி: கண்ணாடியா, பம்பா, புது ரோடா?

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் வந்து விழும் ஆபத்தான இடத்தை, நாங்கள் வாய் என்று சொல்வதை, என்ன செய்வது என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். கோயில் முன்னால் இரண்டு கூட்டம் போட்டாகிவிட்டது. ஒருவர் கண்ணாடி வைக்கச் சொல்கிறார், ஒருவர் பம்ப், அதாவது வேகத்தடை, போடச் சொல்கிறார், சவூதியில் இருந்து வந்த அண்ணன் ரவுண்டபோட் (சுற்றுவட்டம்) என்கிறார், மேல் லயத்து (வரிசை வீட்டு) மாமா "வாயையே மடுவத்துப் பக்கம் மாத்திட்டா பிரச்சினையே இல்ல" என்கிறார்; மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பிரதேச சபைப் பக்கம் கேட்டபோது ஏதாவது ஒரு வேலைக்குத்தான் காசு ஒதுக்கலாம், எது என்று நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்றார்கள். சரி, முடிவு பண்ண வேண்டுமென்றால் முதலில் அளந்து பார்ப்போம் என்று நானும் மூன்று தம்பிமாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் சோக்கட்டியுமாக இறங்கினோம். நான் சில வருடம் ரோட்டு வேலைத்தளத்தில் அளவு பிடித்தவன், அந்தப் பழக்கம் உதவியது. அதற்குப் பிறகு ஐந்து நாள் காலையிலும் பின்னேரமும் சந்தியில் சும்மா நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அளந்ததை விட நின்று பார்த்ததில்தான் அதிகம் விளங்கியது.

இடத்தை முதலில் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவே, அவிசாவளையில் தொடங்கி ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதி. நானுஓயாவில் இருந்து தலவாக்கலைக்கு வருவதற்குள் ரோடு சுமார் 400 மீட்டர் உயரம் இறங்குகிறது, அதனால் மேலே இருந்து வரும் வண்டி எங்கள் இடத்துக்கு வரும்போது நெடுநேரம் இறங்கி வந்த வேகத்தோடு வரும். எங்கள் பாதை மலைப்பக்கம் இருந்து செங்குத்தாக இறங்கி, மண்மேட்டை வெட்டிய ஒரு சந்துக்குள் வந்து, பெரிய ரோட்டில் சாய்வாகச் சேர்கிறது. சாய்வு தலவாக்கலைப் பக்கம். அந்தக் காலத்தில் கொழுந்து லொறி நேரே டவுன் பக்கம் திரும்ப வசதியாக வெட்டியிருப்பார்கள். இன்றைக்கு அதுதான் பெரிய கேடு, ஏனென்றால் வெளியே வரும் ஆட்டோக்காரர் வலது தோளுக்குப் பின்னால் கழுத்தை முறுக்கித்தான் மேலே இருந்து வருவதைப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் ஆட்டோவின் பக்கத் திரையை இறக்கிவிடுவார்கள், அதோடு அந்தப் பக்கம் முழுக்க மறைந்துபோகும். எங்கள் பக்கம் மழை பெய்யாத மாதம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

வலது மூலையில் மண்மேடு, அதன்மேல் தேயிலைச் செடி, செடிக்குக் கீழே சரிவில் மானாப் புல், புல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறித் தகரக் கடை, கடைக்கு முன்னால் தலவாக்கலை பஸ் நிற்கும் இடம். அதாவது எந்தப் பக்கம் பார்வை வேண்டுமோ அந்தப் பக்கம்தான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அந்த மூலையில்தான் போன ஐப்பசி மழையில் என் பெரியம்மாவை ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, தோள்பட்டை எலும்பு முறிந்தது, இரண்டு மாதம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை, நாட்கூலி வீட்டில் இரண்டு மாதம் என்றால் என்ன என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டி வந்த பையனும் கெட்ட பையன் இல்லை. அவனும் பார்க்கவில்லை, பெரியம்மாவும் பார்க்கவில்லை, பார்க்க முடியாத இடத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அளவு எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு தோட்டங்களிலும் செய்யலாம், காசு செலவில்லை. பெரிய ரோட்டின் ஓரத்தில் இருந்து இரண்டரை மீட்டர் உள்ளே, ஆட்டோ நிற்கும் இடத்தில், கண் தரையில் இருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒருவர் குந்தி உட்கார வேண்டும். இன்னொருவர் ஒரு மீட்டர் கம்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக மேலே நடந்து போக வேண்டும். கம்பு எப்போது கண்ணுக்கு மறைகிறதோ அங்கே சோக்கால் கோடு போட்டு டேப்பால் அளக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 38 மீட்டர். பஸ் நின்றால் ஒன்றுமே இல்லை, பஸ்ஸின் பின்பக்கம் மட்டும்தான்.

வேகத்துக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ரோட்டில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம், கையில் போன். ஒரு வண்டி அதைக் கடக்க எத்தனை வினாடி எடுக்கிறது என்று பார்த்து, 180-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். மூன்றரை வினாடிக்கும் நாலரை வினாடிக்கும் நடுவேதான் கூடுதலான வண்டிகள் வந்தன. அதாவது 40-க்கும் 50-க்கும் நடுவில், சிலது அதற்கும் மேலே. இவர்கள் யாரும் பேய் வேகத்தில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குடியிருப்புப் பகுதியில் கார், வான், பஸ்ஸுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சமே 50, ஆட்டோவுக்கு 40. சட்டப்படி வருகிற வண்டியே எங்கள் வாயில் ஆளை அடிக்கும் என்பதுதான் விஷயம். கூட்டத்தில் "ஓட்டுறவன் ஒழுங்கா ஓட்டினா சரி" என்று சொன்னவர்களுக்கு நான் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50-இல் வரும் வண்டி வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். எதிரே ஏதோ வருகிறது என்று கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை வினாடி என்று ரோடு வடிவமைக்கிறவர்கள் வைத்துக்கொள்வார்கள், அதற்குள்ளேயே 35 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம். எங்கள் இடத்தில் ரோடு 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்குகிறது, மேசன்மார் பாவிக்கிற தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்துத்தான் பார்த்தோம். அந்த இறக்கத்தில், ஈர ரோட்டில், சாதாரண ஓட்டுநர் பிடிக்கும் பிரேக்குக்கு இன்னும் 34 மீட்டர். ஆக 69 மீட்டர் வேண்டும். 40-இல் வந்தால் 50 மீட்டர் போதும். 30-இல் வந்தால் 33 மீட்டர். எங்களிடம் இருப்பது 38.

ஆகவே இந்த வாய் 30-இல் ஓடும் ரோட்டுக்குத்தான் பொருந்தும், 50-இல் ஓடும் ரோட்டில் திறந்துகிடக்கிறது. பார்வையை நீட்ட வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டும். வந்த யோசனைகள் ஒவ்வொன்றையும் நான் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்த்தேன்.

கண்ணாடியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் அதற்குத்தான் கைகள் அதிகம் உயர்ந்தன, விலையும் குறைவு, அடுத்த வாரமே நட்டுவிடலாம். முடக்கில், அதாவது ரோடு வளையும் இடத்தில், நிற்கும் அந்தக் குவிந்த கண்ணாடி பகலில் வெயிலில் நன்றாகவே காட்டும். ஆனால் அது எல்லாவற்றையும் சின்னதாக்கிக் காட்டும், சின்னதாகத் தெரிகிற வண்டி தூரத்தில் இருப்பதாகத்தான் மனம் கணக்குப் போடும், எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் அதில் பிடிபடாது. மோட்டார் சைக்கிள் ஒரு புள்ளி. காலையில் பனித்துளி படிந்து வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும், மிஸ்ட் இறங்கினால் கண்ணாடியும் இல்லை முடக்கும் இல்லை. இராத்திரியில் மட்டும் லைட் வெளிச்சம் முன்கூட்டியே தெரியும் என்பதால் கொஞ்சம் உதவும். இதெல்லாம் வண்டி ஓட்டுகிறவருக்கு. நடந்து போகிறவருக்கு அது ஒன்றுமே செய்யாது, பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்து ரோட்டைக் கடக்கப் போவதில்லை. எனக்குள்ள பயம் வேறு: கண்ணாடி வைத்துவிட்டால் "தோட்டத்துச் சந்திக்கு வேலை செஞ்சு குடுத்தாச்சு" என்று கோப்பு மூடப்படும். வேறு வேலையோடு சேர்த்து வைத்தால் எனக்கு மறுப்பில்லை. அது மட்டும் என்றால் வேண்டாம்.

ரவுண்டபோட் நல்ல சாமான்தான். மூன்று வழிச் சந்தியில் வண்டிகளின் பாதை ஒன்றையொன்று தொடும் இடம் 9, ரவுண்டபோட் ஆக்கினால் 6, நாலு வழியில் என்றால் 32 இருந்தது 8 ஆகக் குறையும், எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போயாக வேண்டும். ஆனால் மிகச் சின்ன ரவுண்டபோட்டுக்கே 13 மீட்டர் குறுக்களவு சமதரை வேண்டும், பஸ்ஸும் லொறியும் திரும்ப அதைவிடப் பெரிது வேண்டும். எங்களிடம் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் இரண்டு வண்டி விலகுகிற அகலம். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, சவூதியின் தரை வேறு, நம்முடைய தரை வேறு.

மாமாவின் யோசனைதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை, ஏனென்றால் அது தாளில் மிகச் சரியாக இருக்கிறது. பழைய கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், 140 மீட்டர் மேலே, ரோடு நேராக ஓடுகிறது. அங்கே குந்தி அளந்தோம், இரண்டு பக்கமும் 100 மீட்டருக்கு மேல் தெரிகிறது. 50-இல் வந்தாலும் போதும். அங்கே வாயைத் திறந்து உள்ளே 90 மீட்டர் புது ரோடு போட்டால் எங்கள் பாதையோடு சேர்ந்துவிடும். பணம் அதிகம், அது ஒரு பக்கம். ஒரு துண்டுக் காணி கேட்டாலும் தோட்டக் கம்பனி கொடுக்காத காலத்தில் தேயிலைக்குள்ளே 90 மீட்டர் ரோட்டுக்குக் காணி கேட்க வேண்டும், அந்தக் காணியும் கம்பனிக்கு அரசாங்கத்திடம் இருந்து குத்தகைக்கு வந்தது, அதனால் ஒரு மேசையில் முடியாது. அதுவும் ஒரு பக்கம். இதெல்லாம் நடந்தேவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் அந்த வாயைப் பாவிப்பார்கள்?

இங்கேதான் சந்தியில் நின்று பார்த்தது கைகொடுத்தது. காலை ஆறரையில் இருந்து ஏழரை வரை எங்கள் வாயில் வெளியே வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணலாம், ஆட்கள் எண்ண முடியாமல் வந்தார்கள். பிள்ளைகள், டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ரோட்டுக்குக் கீழே இருக்கும் மலைக்குப் போகும் கொழுந்துப் பெண்கள். அவர்கள் யாரும் தோட்டத்துப் பாதை வழியாக வருவதில்லை. லயத்தில் இருந்து நேரே இறங்கும் படிக்கட்டில் வந்து, வாய்க்கு 12 மீட்டர் மேலே, தகரக் கடைக்குப் பக்கத்தில் ரோட்டில் கால் வைக்கிறார்கள். வாயை மடுவத்துக்கு மாற்றினாலும் அந்தப் படிக்கட்டு அங்கேயேதான் இருக்கும். 140 மீட்டர் சுற்றி நடந்து வா என்று முதுகில் கொழுந்துச் சாக்கு சுமந்து நிற்கும் அக்காவிடம் யார் சொல்வது? சொன்னாலும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. அப்படியானால் அத்தனை பணத்தையும் கொட்டி ஆட்டோக்களையும் இரண்டு லொறியையும் காப்பாற்றியிருப்போம், நடக்கிற சனம் அதே முடக்கில், அதே 50-இல் வரும் வண்டிக்கு முன்னால் நிற்கும். இன்னும் மோசம், சந்தி இல்லாத இடமாகிவிட்டதால் ஓட்டுநர்மார் இன்னும் அழுத்துவார்கள்.

இதை நான் கூட்டத்தில் சரியாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: இது நடக்கிறவர்களின் சந்தி. வண்டிக்குத் தோதான தீர்வை முதலில் எடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் நடக்கிறவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு என்று போனால் நாம் வேறு யாருக்கோ வேலை செய்கிறோம் என்று அர்த்தம்.

மண்மேட்டை வெட்டுவது அடுத்தது. ஜேசிபி ஒரு நாளில் வெட்டித் தள்ளிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தள்ளிவிடும், உண்மை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மழையில் மலையகம் முழுக்க எத்தனை மேடு சரிந்தது, எத்தனை வீடு போனது என்று பார்த்த பிறகும் அப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை. எங்கள் மேட்டிலேயே ஒரு துண்டு இறங்கி வாயை இரண்டு நாள் அடைத்துக்கொண்டது. மேட்டுக்கு மேலே லயம் இருக்கிறது. மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் சரிவை வெட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அது வெறும் முத்திரை இல்லை, அவர்கள் வந்து பார்த்து, தடுப்புச் சுவர் வேண்டுமா, தண்ணீர் எங்கே வடியும் என்று சொல்ல வேண்டும். சரி, அதெல்லாம் செய்து மேட்டை முழுதாக இழுத்தாலும் எவ்வளவு பார்வை கிடைக்கும்? 60 மீட்டர். ஏனென்றால் அதற்கு மேலே முடக்கு தொடங்கிவிடுகிறது, மேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடக்குக்கு அந்தப் பக்கம் தெரியாது. 50-இல் வருகிற வண்டிக்குத் தேவை 69. மேட்டை வெட்டியும் போதவில்லை! வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு உறுதியானது இந்த இடத்தில்தான்.

வேகத்தைக் குறைத்துவிட்டால் மேட்டில் கை வைக்கவே தேவையில்லை. மேட்டு விளிம்பில் இருக்கும் இரண்டு வரிசைத் தேயிலையைத் தாழ்த்தி, மானாப் புல்லை அரிந்து, கடையின் முன்தட்டியையும் விறகுக் கட்டையும் பின்னுக்குத் தள்ளினால் 38 மீட்டர் 47 ஆகிறது. ஒருவர் செடியை வளைத்துப் பிடிக்க, இன்னொருவர் தட்டியை ஒதுக்க, நாங்கள் அளந்தே பார்த்தோம். 30-இல் வரும் வண்டிக்கு 33 போதும் எனும்போது 47 என்றால் நிம்மதியான மிச்சம். இதில் ஒரு சங்கதி கவனித்தேன். செடியைக் கவ்வாத்து வெட்டித் தாழ்த்திய வருடம் எங்கள் சந்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, செடி முழங்கால் உயரத்தில் நிற்கும், எல்லாம் தெரியும். மூன்று நாலு வருடத்தில் செடி ஏறி மறைக்கும்போது கூட்டம் கூடுகிறோம். ஆகையால் இது ஒரு தடவை சிரமதானம் செய்து முடிக்கும் வேலை இல்லை. அந்த இரண்டு வரிசையை மட்டும் எப்போதும் தாழ்த்தி வைக்கத் தோட்ட நிர்வாகம் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது அதைப் பிடுங்கிவிட்டுப் புல் வைக்க வேண்டும். புல் வைப்பதுதான் மண்ணுக்கும் நல்லது, வெறும் மண்ணாக விடக் கூடாது.

இனி பம்ப். இதைத்தான் நான் கேட்கப் போகிறேன், ஆனால் நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கிற பம்ப் இல்லை. சில இடங்களில் இராத்திரியோடு இராத்திரியாக கொங்கிறீட்டைக் கொட்டி மேடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அது குற்றமும் கூட, ஆபத்தும் கூட, மிஸ்ட்டில் மோட்டார் சைக்கிள்காரன் தூக்கி எறியப்படுவான். ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிப் பிள்ளைக்கு அது என்ன பாடு என்று கூட்டத்தில் அக்காமார் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். நான் சொல்வது தட்டையான மேல்பரப்பு உள்ள மேடை. உயரம் 75 மில்லிமீட்டர், ஏறும் சரிவு 1.8 மீட்டர் நீளம், மேலே 3 மீட்டர் சமதரை, மறுபடி 1.8 மீட்டர் இறங்கும் சரிவு. 30 அளவில் வந்தால் பஸ்ஸில் இருக்கிறவருக்குக் கூடப் பெரிதாகக் குலுங்காது, 50-இல் வந்தால் ஓட்டுநருக்கே நன்றாகக் குலுங்கும். அந்த மேடையின் மேலேயே ஆட்கள் கடக்கும் மஞ்சள் கோட்டுக் கடவை. படிக்கட்டு ரோட்டைத் தொடும் அதே இடத்தில், வாய்க்கு 12 மீட்டர் மேலே. அப்போது இறங்கி வரும் வண்டி வாய்க்கு வருமுன்பே வேகம் குறைந்துவிடும், ஆட்கள் கடக்கிற இடத்திலும் குறைந்திருக்கும். ஒரே வேலையில் இரண்டு சனத்துக்கும் பலன்.

வேகம் குறைவதால் இன்னொன்றும் இருக்கிறது. மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50-ஐயும் 30-ஐயும் அப்படிப் பெருக்கிப் பார்த்தால் 2500-க்கு 900, ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. 2020-இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமும் நடக்கிறவர்களும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30-ஐத்தான் கேட்டது. பெரியம்மாவை அடித்த வண்டி இன்னும் வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

எதிர்ப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஏ தர வீதியில் மேடை போட வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒத்துக்கொள்ள வேண்டும், பிரதேச சபை நினைத்தால் மட்டும் முடியாது. இறக்கமான ரோட்டில் மேடை போடலாமா என்று கேட்பார்கள். 8 சதவீதத்துக்கு மேல் இறக்கம் என்றால் நானும் வேண்டாம் என்பேன், எங்களிடம் 6. முடக்கின் நடுவில் போடலாமா என்றால் கூடவே கூடாது, சாய்ந்து வரும் மோட்டார் சைக்கிள் வழுக்கும், ஆனால் எங்கள் படிக்கட்டு முடக்கு முடிந்து 48 மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த 48, 40-இல் வருகிறவருக்கே இரண்டு மீட்டர் குறைவு, 50-இல் வருகிறவருக்குப் போதவே போதாது, ஆகவே முடக்குக்கு முன்னாலேயே எச்சரிக்கை வேண்டும்: கடவை இருக்கிறது என்ற பலகை, குறைந்த கியருக்கு மாறச் சொல்லும் பலகை, சில்லு ஏறினால் கடகடவென்று சத்தம் போடும் தடித்த வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடும் மேடையின் பூச்சும் ஒளி தெறிக்கும் வகையாக இருக்க வேண்டும், வருடா வருடம் பெருமழைக்கு முன் மறுபடி பூச வேண்டும். பூச்சு அழிந்த மேடை மிஸ்ட்டில் இல்லாத மேடையை விடக் கெட்டது.

பிரேக் இல்லாமல் வரும் வண்டிக்கு இதில் எதுவும் பதில் இல்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் வந்து வானிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் போனார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல். அவை சந்தி விபத்துகள் இல்லை, அவற்றைக் காட்டி என் மேடைக்கு நியாயம் கேட்க மாட்டேன். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். கியர் பலகையை நான் விடாமல் கேட்பது அதனால்தான்.

மேடைக்கு அனுமதி வர எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் பெரிய காசு வேண்டாத ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் ஒருவர் கூட அதைச் சொல்லவில்லை. பஸ் நிற்கும் இடம். இப்போது தலவாக்கலை பஸ் வாய்க்கு முன்னால், கடையடியில் நிற்கிறது. வெளியே வரும் ஆட்டோவுக்குச் சுவர் எழுப்பின மாதிரி. அதை வாய்க்குக் கீழே 20 மீட்டர் தள்ளினால் பஸ் நின்றாலும் மேல்பக்கப் பார்வை திறந்தே இருக்கும். நானுஓயாப் பக்கம் ஏறிப் போகும் பஸ்ஸைக் கடவைக்கு மேலே நிறுத்த வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் பஸ் கடவையைத் தாண்டித்தான் நிற்கும், இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் வந்து கடப்பார்கள். பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக் கடப்பதுதான் பிள்ளைகளைக் கொல்வது, முந்திப் போகிற வண்டிக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். நான் பார்த்தவரை காலையை விட பின்னேரம் இரண்டு மணிதான் பயம். காலையில் பிள்ளைகள் கடக்காமலே இந்தப் பக்கத்தில் ஏறிவிடுகிறார்கள். ஸ்கூல் விட்டு வரும்போது பள்ளப்பக்கம் இறங்கி, பசியோடு, மிஸ்ட்டுக்குள்ளே ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வருகிறார்கள்.

வாயைச் சீர்திருத்துவதையும் விடக் கூடாது, ஆனால் இரண்டாவது வருடத்துக்கு வைக்கலாம். இறங்கி வரும் பாதையின் கடைசி 6 மீட்டரைச் சமதரையாக்கினால், பாசி பிடித்த கொங்கிறீட்டில் வழுக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்குள் மூக்கை நீட்டுவது நிற்கும், சின்ன லொறி கூட ஆற அமர நின்று பார்க்கலாம். அதே வேலையில் கடைசி 8 மீட்டரை வளைத்துப் பெரிய ரோட்டுக்கு நேர்குத்தாகச் சேர்த்தால் கழுத்தை முறுக்க வேண்டாம், இடப்பக்கத்தில் முப்பது நாற்பது செடி போகும். கானை (வடிகாலை) கவனிக்க வேண்டும், இப்போது மழைத்தண்ணீர் பாதை வழியே மண்ணோடு பெரிய ரோட்டுக்குப் பாய்கிறது, சமதரை போட்டால் குறுக்கே இரும்புக் கிராதி வைத்துக் கானுக்குத் திருப்ப வேண்டும். அப்புறம் படிக்கட்டில் இருந்து பஸ் நிற்கும் இடம் வரை கானுக்கு மேலே கொங்கிறீட் பலகை போட்டு மூடினால் அதுவே நடைபாதை. தூக்கி எடுக்கக் கூடிய பலகையாகப் போட வேண்டும், இல்லையென்றால் ஒரே மழையில் இலையும் மண்ணும் அடைத்து ரோட்டில் வெள்ளம் ஓடும்.

லைட் ஒன்றும் வேண்டும், கடவைக்கு நேர் மேலே இல்லாமல் வண்டி வரும் பக்கமாக நாலைந்து மீட்டர் முன்னால். அப்போதுதான் ஓட்டுநர் பார்க்கும் பக்கத்தில் ஆளின் மேல் வெளிச்சம் விழும். பிள்ளைகளுக்காவது வெள்ளை யூனிபோர்ம், இடுப்பில் சுற்றும் கறுத்த றெட்டும் சாக்குமாக விடியற்காலையில் கடக்கும் பெண்கள் யாருக்கும் தெரிவதில்லை.

ஆக, பிரதேச சபையின் அந்த ஒரு வேலைக்கு நான் கேட்பது கடவை மேடையும் அதற்கான பலகை, கோடு, லைட்டும். ஏ7-இல் கை வைப்பது அதிகார சபை என்பதால், சபை அவர்களிடம் எழுதி, சேர்ந்து செய்ய வேண்டும். தோட்டப் பாதை கம்பனிப் பாதை, அதில் சபை காசு போட முடியாது என்று பழைய கதையை யாராவது எடுத்தால், 2018-இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு தோட்டக் குடியிருப்புகளுக்கும் வேலை செய்ய வழி திறந்துவிட்டது என்று மரியாதையாக ஞாபகப்படுத்துவோம். புது வழி வேண்டாம் என்று நான் சொல்வதால் மாமாவுக்கு வருத்தம் இருக்கும். பத்து வருடத்தில் மேல் மலையில் தனி வீடுகள் வந்து வண்டிகள் கூடினால் அவருடைய மடுவத்து வாய் தேவைப்படலாம், அந்த அளவுகளை எழுதி வைத்திருக்கிறேன், தொலைக்க மாட்டேன்.

மூன்று கடிதம் தயார். ஒன்று அதிகார சபைக்கு, 69, 50, 33, எங்களுடைய 38 என்று எல்லா எண்ணும் ஒரு கோட்டுப் படமும் வைத்து. ஒன்று தோட்டத்துத் துரைக்கு (மேனேஜருக்கு), அந்த இரண்டு வரிசைச் செடிக்காக. ஒன்று பஸ் நிற்கும் இடத்தை மாற்றுவதற்காகப் பொலிசுக்கும் சபைக்கும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலடிக்கு வாருங்கள், கொழுந்துக்குப் போகும் பெண்களின் கையெழுத்துதான் எனக்கு முதலில் வேண்டும். துரை சம்மதித்துவிட்டால் அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு கவ்வாத்துக் கத்தியோடு மேட்டில் நிற்போம். கடைக்கார அண்ணனோடு பேசிவிட்டேன், தட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளச் சம்மதம், விறகுக் கட்டை வைக்க மட்டும் யாராவது ஓரிடம் காட்டுங்கள்.